நேரே இறங்கிய பாதையை மூடி, சரிவில் புதுசாக வெட்டிய அனுபவம்

நாங்கள் பார்த்துக்கொள்வது ஒரு நெடுந்தூர மலைநடைப் பாதையின் சின்னத் துண்டு. அதில் ஓரிடத்தில் மட்டும் பாதை முகட்டிலிருந்து ஓடைக்கு நேர் செங்குத்தாக இறங்கும். அந்தக் காலத்தில் யாரோ முகட்டில் நின்று பார்த்து, ஓடை தெரிகிறது, சரி இறங்கு என்று போட்ட வழி. பழைய பாதைகள் பல இப்படித்தான் போடப்பட்டன. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை 1921-ல் பென்டன் மெக்காய் முன்மொழிந்தார். 1937-ல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்க முடிகிற நிலை வந்தது. ஆனால் அன்றைக்கு இருந்த தடத்தில் பெரும்பகுதி இன்றைக்கு இல்லை. துண்டு துண்டாக வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றியவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத ஆட்கள். இன்றும் சுமார் 30 தன்னார்வ மன்றங்கள் அந்த 3,500 கிலோமீட்டரைப் பங்கு போட்டுக்கொண்டு பராமரிக்கின்றன.

எங்கள் துண்டின் பிரச்சினை எளிமையானது. பாதை நேராக இறங்கினால் மழைத் தண்ணீரும் அதே பாதையில்தான் இறங்கும். நடந்து நடந்து தடம் கெட்டிப்பட்டு அக்கம்பக்கத்து மண்ணைவிடத் தாழ்ந்துவிட்டது. தாழ்ந்த இடத்தில் சேர்ந்த தண்ணீர் வேகம் பிடித்து மண்ணை அரித்தது. சில இடங்களில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். வேர்கள் வெளியே தெரிந்தன, கற்கள் உருண்டன. பள்ளத்தில் இறங்க மனசில்லாமல் நடப்பவர்கள் ஓரமாகப் போக ஆரம்பித்தார்கள். ஓரமும் தேய்ந்து, ஒரு பாதை இருந்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று பாதைகள்.

குழுவில் இரண்டு கட்சி. கல் படிகள் கட்டி, நடுநடுவே தண்ணீரைத் திருப்பும் தடுப்புகள் போட்டால் போதும் என்றார்கள் சிலர். பாதையையே மாற்றலாம் என்றோம் நாங்கள். படி கட்டுவது கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் பள்ளத்தின் இரண்டு கரையும் தடத்தைவிட உயரமாக இருக்கும்போது தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புவது? கரையை உடைத்து வெளியே விட்டாலும் அது சரிவின் போக்கிலேயே போய், கொஞ்சம் கீழே மறுபடி பாதைக்குள் வந்து விழும். செங்குத்தாக இறங்கும் பாதையைப் பழுது பார்ப்பது முடிவே இல்லாத வேலை, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் செய்துகொண்டே இருக்க வேண்டும். கடைசியில் நில நிர்வாகத்தின் அதிகாரி நேரில் வந்து பார்த்து, மாற்றுவதற்கே சம்மதம் சொன்னார்.

சம்மதம் என்றால் உடனே மண்வெட்டி தூக்குவதில்லை. முதலில் கோடு போட வேண்டும். அதற்கான கருவி சாய்வுமானி, கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன உலோகப் பெட்டி. ஒரு கண்ணால் அதற்குள் இருக்கும் அளவுகோலையும், மறு கண்ணால் எதிரே நிற்கும் ஆளையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். முதலில் சமதரையில் எதிரெதிரே நின்று, என் கண்மட்டம் எதிராளியின் உடம்பில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்வோம். என் கூட்டாளி என்னைவிட உயரம், அவர் மோவாய்தான் எனக்குக் குறி. அதன்பிறகு அவர் சரிவில் எங்கே போய் நின்றாலும், மோவாயைக் குறிவைத்தால் நடுவிலுள்ள ஏற்றம் சதவீதமாகத் தெரிந்துவிடும். 100 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 10 மீட்டர் ஏறினால் 10 சதவீதம்.

இரண்டு கணக்குகளை மனசில் வைத்துக்கொண்டு கோடு போட்டோம். ஒன்று, பாதையின் ஏற்றம் சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னொன்று பாதிக் கணக்கு: மலைச்சரிவின் சாய்வு எவ்வளவோ, பாதையின் ஏற்றம் அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது. போனால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல், பாதையோடு திரும்பி ஓட ஆரம்பிக்கும். செங்குத்தான சரிவில் இந்தக் கணக்கு தொல்லை தராது. எங்கள் மலை 45 சதவீதம் சாய்ந்தது, அதில் 8 சதவீதப் பாதை தாராளமாக நிற்கும். கஷ்டம் கிட்டத்தட்டச் சமமான தரையில்தான். 6 சதவீதமே சாய்ந்த இடத்தில் 4 சதவீதத்தில் பாதை போட்டால், பார்க்க மென்மையாக இருக்கும், ஆனால் பாதிக் கணக்கை மீறிவிட்டது. அங்கே தண்ணீர் தேங்கும், சேறாகும், ஆட்கள் சேற்றைச் சுற்றிப் போவார்கள், பாதை அகலமாகிக்கொண்டே போகும். சமதரையில் பாதை போடுவது சுலபம் என்று நினைக்கிற புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரு பாறைத்திட்டிலிருந்து பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும், பாதை அதைத் தொட்டே ஆக வேண்டும். தொடாவிட்டால் ஆட்கள் தாங்களே அங்கே ஒரு வழி உண்டாக்கிக்கொள்வார்கள். தண்ணீர் கசியும் ஊற்றுக்கண் ஒன்று இருந்தது, அதைத் தவிர்த்தே ஆக வேண்டும். ஓடையைக் கடக்க, கரை கெட்டியாக இருந்த இடம் ஒன்றே ஒன்று. இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு, நடுவில் வண்ண நாடாக்களைக் கட்டிக்கொண்டே போனோம். மேலிருந்து ஒரு குழு, கீழிருந்து ஒரு குழு. நடுவில் சந்தித்தபோது இரண்டு கோடுகளுக்கும் இடையே ஆளுயரத்துக்கு வித்தியாசம். இது வழக்கம்தான். பின்னாலிருந்த நாடாக்களை அவிழ்த்து, ஏற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து மறுபடி கட்டினோம். அந்தக் கோட்டில்தான் தாவரவியல் ஆளும் தொல்லியல் ஆளும் நடந்து பார்த்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் அரிய செடி இருக்கிறது என்று சில மீட்டர் மேலே நகர்த்தச் சொன்னார்கள்.

அடுத்தது செடிகொடி வெட்டுவது. சுமார் 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் திறந்திருந்தால், முதுகுப்பை சுமப்பவர் உரசாமல் போகலாம். கிளையைப் பாதியில் வெட்டி மொட்டையாக விடக் கூடாது, தண்டோடு ஒட்டவும் சீவக் கூடாது. கிளை தண்டில் சேரும் இடத்தில் ஒரு வீக்கம் இருக்கும், அந்த வீக்கத்துக்கு வெளியே வெட்டினால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். வெட்டிய கிளைகளைக் கண்ணில் படாத தூரத்தில், வெட்டுமுனை பாதைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற மாதிரி போட வேண்டும். நன்றாகச் செய்தால், அங்கே யாரும் எதையும் வெட்டியதே நடப்பவருக்குத் தெரியாது.

இனி வெட்டு வேலை. இங்கே இரண்டு கருவிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. புலாஸ்கி என்பது ஒரே தலையில் ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் மண்ணைக் கொத்தும் அலகு. 1910-ல் அமெரிக்காவின் ஐடஹோ பகுதியில் பெருங்காட்டுத்தீ பரவியபோது தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போய்க் காப்பாற்றிய வன அதிகாரி எட் புலாஸ்கியின் பெயர். மெக்லியாட் அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது, இதுவும் வன அதிகாரி ஒருவரின் பெயர்தான். ஒரு பக்கம் தடித்த பற்கள் வைத்த வாரி, மறுபக்கம் அகலமான மண்வெட்டி அலகு. இரண்டும் தீயணைப்புக்கு உருவானவை. தீ பரவாமல் இருக்கச் சருகை வாரி மண்ணைத் திறப்பதும், பாதை வெட்டுவதும் கிட்டத்தட்ட ஒரே வேலை என்பதால் எங்கள் கைக்கும் வந்துவிட்டன. எடுத்துப் போகும்போது கருவியைப் பள்ளத்துப் பக்கக் கையில் பிடிக்க வேண்டும். கால் வழுக்கினால் அதைக் கீழே வீசிவிட்டு மலைப்பக்கம் சாயலாம். வேலை செய்யும்போது ஆளுக்கு ஆள் மூன்று மீட்டராவது இடைவெளி. அரட்டை ருசிக்க ருசிக்க இந்த இடைவெளி குறையும், யாராவது ஒருவர் அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் மெக்லியாடால் சருகையும் அதன் கீழுள்ள மக்கையும், அதாவது மக்கிப்போன இலைதழையையும், வாரி மேல்பக்கம் ஒதுக்கினோம். அதைத் தூக்கிப் போடக் கூடாது, பின்னால் தேவைப்படும். மக்கு கருப்பாக, மெத்தென்று, விரலால் அழுத்தினால் அமுங்கும். அதன்மேல் பாதை போட்டால் ஒரே பருவத்தில் சேறு. நிறம் மாறி, கையில் உருட்டினால் மணல் நெரிகிற மண் வரும்வரை வார வேண்டும். அங்கிருந்து புலாஸ்கியால் சரிவுக்குள் வெட்டி, ஒரு திண்ணை அகலத்துக்குத் தட்டையாக்கினோம். வெட்டிய மண்ணை வெளிவிளிம்பில் கொட்டிப் பாதையை அகலமாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பாதி வேலையில் முழு அகலம் கிடைக்குமே! ஆனால் கொட்டிய மண் மலையில் கிளறாமல் இருக்கும் மண்ணைப் போலக் கெட்டியாவதில்லை. சில மழைக்குப் பிறகு வெளிவிளிம்பு இறங்கிவிடும். செங்குத்தான சரிவில் முழு அகலத்தையும் மலைக்குள்ளேயே வெட்டிவிட்டு, தோண்டிய மண்ணைத் தூரமாகக் கீழே வீசித் தூவிவிட வேண்டும்.

உள்பக்கச் சுவரைச் செங்குத்தாக விடாமல் சாய்வாகச் சீவினோம். விட்டால் அது தானாக இடிந்து பாதைமேல் விழும், நடப்பவர்கள் வெளிவிளிம்புக்கு ஒதுங்குவார்கள், விளிம்பு உடையும். நடைதளத்துக்கும் வெளிப்பக்கமாக 5 சதவீதம் சாய்வு கொடுத்தோம், அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர். கண்ணுக்குச் சமமாகத்தான் தெரியும். அதனால் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து உள்பக்கம் கொஞ்சம் ஊற்றிப் பார்ப்போம். புது மண்ணில் தண்ணீர் முதலில் கருத்த வட்டமாகப் பரவும். அப்புறம் ஒரு நாக்கு நீளும். நாக்கு குறுக்கே போய் விளிம்பைத் தாண்டினால் சரி. பாதையோடு ஒரு சாண் போனாலும் மெக்லியாடை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

ஆனால் இந்தச் சாய்வை முழுசாக நம்பக் கூடாது என்பது என் கருத்து. எல்லோரும் நடுவில்தான் நடப்பார்கள். நடுப்பகுதி அமுங்கும், வெளிவிளிம்பில் மண்ணும் சருகும் சேர்ந்து வரப்பாகும். எவ்வளவு ஒழுங்காகச் சாய்த்தாலும் ஓரிரு வருடத்தில் தளம் குழிந்துவிடும். அப்போது கைகொடுப்பது ஏற்றத்தைத் திருப்புவது. ஏறிக்கொண்டே போகிற பாதையை ஓரிடத்தில் சில மீட்டருக்கு மெல்ல இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். அந்தத் தாழ்வான இடத்தில் தண்ணீர் வெளியேறியே தீரும், எதிரே இருக்கும் மேட்டில் அதனால் ஏற முடியாது. நடப்பவருக்குப் பாதை லேசாக அலைகிறது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. கோடு போடும்போதே இவற்றை அங்கங்கே வைத்துவிட்டோம். பெரிய மரங்களுக்கு மேல்பக்கமாகப் போய்விட்டு இறங்குகிற இடங்கள் இதற்குத் தோதானவை.

கட்டை அல்லது கல்லைக் குறுக்கே பதித்துத் தண்ணீரைத் திருப்பும் பழைய முறை எனக்குப் பிடிக்காது. கட்டைக்கு மேல்பக்கம் வண்டல் சேர்ந்து மட்டமானதும் தண்ணீர் தாண்டி ஓடும், கட்டைக்குக் கீழே குழி பறிக்கும். ஈரக்கட்டை வழுக்கும், அதனால் நடப்பவர்கள் அதன் முனையைச் சுற்றிப் போவார்கள், தண்ணீருக்கும் அங்கே வழி கிடைத்துவிடும். வேறு வழியே இல்லாத பழைய செங்குத்துப் பாதைகளில் போடலாம். புதுப்பாதையில் அது தேவைப்பட்டால் கோடு சரியில்லை என்று அர்த்தம்.

வேலை மெதுவானது ஒரே ஓரிடத்தில். பாறை ஒன்று சரிவிலிருந்து நீட்டிக்கொண்டு, பாதைக்கு வெட்ட இடமே விடவில்லை. அங்கே மட்டும் வெளிப்பக்கம் தாங்குசுவர் எழுப்ப வேண்டியிருந்தது. சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் கிடையாது, கல்மேல் கல். ஆனால் கல் தேடுவதற்கே நேரம் போனது. சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், உள்ளே விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் போடும். பாதைக்குப் பக்கத்திலேயே பெயர்த்தால் அங்கே குழி விழும் என்பதால், தள்ளியிருந்த மேட்டிலிருந்து கடப்பாரையால் நெம்பி, வலையில் வைத்து நான்கு பேர் தூக்கி வந்தோம். குண்டான கல்லைத் தொடவே மாட்டோம் என்று எங்கள் மூத்த கைக்காரர் ஒருவர் சட்டம் வைத்திருக்கிறார். இரண்டு பக்கமாவது தட்டையாக இருந்தால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார்.

அடிக்கல்லுக்குக் கெட்டி மண் வரை வாய்க்கால் தோண்டினோம். அதை மலைப்பக்கம் சாய்வாக வெட்டியதால் சுவர் முழுக்க மலைமேல் சாய்ந்து நிற்கிறது. மிகப் பெரிய கற்கள் அடியில். ஒவ்வொரு கல்லும் கீழே இருக்கும் இரண்டு கற்கள்மேல் உட்கார வேண்டும், இணைப்புக் கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக ஓடக் கூடாது. அங்கங்கே ஒரு நீளக்கல்லின் வாலை மலைக்குள் புதைத்தோம், அது சுவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். பின்பக்க இடைவெளிகளை மண்ணால் அடைக்கவில்லை, உடைத்த சரளைக்கல்தான். மண் ஊறும், உப்பும், சுவரை வெளியே தள்ளும். சரளையில் தண்ணீர் வடிந்துவிடும். ஒரு கல் வைத்ததும் அதன்மேல் ஏறி நின்று, ஒவ்வொரு மூலையாக உடம்பின் எடையை மாற்ற வேண்டும். துளி ஆடினாலும் எடுத்துத் திருப்பி வைக்க வேண்டும். ஆடுகிற கல்லுக்கு முன்பக்கம் சின்ன ஆப்புக்கல் செருகுவது ஏமாற்று வேலை, ஒரு குளிர்காலத்தில் கழன்று விழும். ஆப்பு பின்பக்கமிருந்துதான் போக வேண்டும்.

ஓடைக்கரையில் ஏற்றம் தவிர்க்க முடியாததால் சில கல் படிகள். கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்து, மேல்படியின் முன்விளிம்பு கீழ்ப்படியின் பின்பகுதிமேல் ஏறி உட்காருகிற மாதிரி வைத்தோம். மேலே ஏறுகிறவர் அழுத்த அழுத்த ஒன்றை ஒன்று பூட்டிக்கொள்ளும். படியின் இரண்டு ஓரத்திலும் ஏறமுடியாத கரடுமுரடான கற்களைக் குவிக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு அழகான படியாக இருந்தாலும் மக்கள் பக்கத்து மண்ணில்தான் இறங்குவார்கள்.

புதுப்பாதை திறந்த பிறகுதான் பழைய பாதையை மூடுகிற வேலை. இதை அரைகுறையாகச் செய்கிற குழுக்கள் நிறைய. நுழைவாயிலில் இரண்டு கிளையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இறுகிப்போன மண்ணில் விதை முளைக்காது, எனவே முதலில் பிக்காசால் கொத்தி இளக்கினோம். பள்ளத்துக்குக் குறுக்கே கல்லும் கட்டையும் வைத்து வரிசையாகத் தடுப்பு கட்டினோம், வண்டல் அதற்குப் பின்னால் படியட்டும் என்று. புதுப்பாதையில் ஒதுக்கி வைத்த மக்கும் சருகும் இங்கே வந்தன, அதற்குள் விதையும் வேருமாக நிறைய இருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை காய்ந்த கிளைகளை நட்டுவைத்தோம். படுக்கப் போட்ட கிளை பாதையை மறைக்காது; நட்டு நிறுத்தியது புதர் மாதிரி தெரியும்.

மரங்களில் வழிகாட்டும் குறிகள் வரைவது எல்லோரும் கேட்டு வாங்கிச் செய்கிற வேலை. வண்ணத் தூரிகை கையில் இருந்தால் யாருக்கும் முதுகு வலிப்பதில்லை! அப்பலாச்சியன் பாதையில் 5-க்கு 15 சென்டிமீட்டர் வெள்ளைப் பட்டை, பிரான்சின் நெடும்பாதைகளில் வெள்ளைக்குக் கீழே சிவப்பு, இது தவறான வழி என்று காட்ட அதே நிறங்களில் பெருக்கல் குறி. எங்கள் பட்டைக்கும் முறை ஒன்றுதான்: மரப்பட்டையின் சொரசொரப்பை மேலாகச் சுரண்ட வேண்டும், உயிர்ப்பட்டையைத் தொடக் கூடாது, உலர்ந்த நாளில் கூரான மூலைகளோடு வரைய வேண்டும். நெருக்கி வரைந்தால் காடு விளம்பரப் பலகையாகிவிடும். ஒரு திசையில் நடந்து ஒரு பக்கம் வரைந்துவிட்டு, மறுதிசையில் நடந்து மற்றதை வரைவோம். ஒரே நடையில் திரும்பித் திரும்பி வரைந்தால், எதிரே வருகிறவருக்குக் குறி தேவைப்படும் இடம் தெரியாமலே போகும்.

பெருமழை முடிந்ததும் போய்ப் பார்த்தோம். சுவர் அசையவில்லை. தாழ்விடங்களில் தண்ணீர் வெளியேறிய தடம் கீழே விசிறியாகத் தெரிந்தது. அவற்றில் இரண்டில் மட்டும் சருகு அடைத்து வாய் மூடியிருந்தது. அதைத் திறப்பதுதான் பராமரிப்பில் பாதி: வெளியேறும் வாயை மெக்லியாட் அகலத்துக்கு அகலமாக்கி, வாரிய வண்டலை மறுபடி பாதைத் தளத்திலேயே போட்டு மிதிக்க வேண்டும். அது நல்ல மண், தூக்கி எறியக் கூடாது.

குறுக்கே ஒரு மரமும் விழுந்திருந்தது. அந்தப் பகுதியில் இயந்திர ரம்பத்துக்கு அனுமதியில்லை. அமெரிக்காவிலும் 1964-ன் வனாந்தரச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடங்களில் இதே நிலைதான். இரண்டு பேர் இழுக்கும் நீள ரம்பத்தால் அறுத்தோம். விழுந்த மரத்தில் வெட்டுவதற்கு முன் எது அழுந்தியிருக்கிறது, எது இழுபட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு முனையும் தாங்கப்பட்டு நடுப்பகுதி தொங்கினால், மேல்பக்கம் அழுந்தியிருக்கும். மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால் வாய் மூடி ரம்பத்தைக் கவ்விவிடும். ரம்பம் கொஞ்சம் உள்ளே போனதும் ஆப்பு அடித்துவிட்டால் கவ்வாது. தள்ள வேண்டாம், இழுக்க மட்டும் செய்யுங்கள் என்று புதியவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளினால் அலகு வளையும்.

இன்னும் மிச்சமிருப்பது கீழ்க் கொண்டை ஊசி வளைவு. மேல்பாதையில் நிற்பவருக்குக் கீழ்ப்பாதை அங்கே தெரிகிறது. தெரிந்தால் குறுக்கே இறங்குவார்கள், இறங்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சாண் அகலத்துக்குப் புல் படுத்திருக்கிறது. பலகை வைத்துத் தடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. குறுக்கே இறங்குகிறவர் பலகையைப் படிப்பவராக இருக்க மாட்டார் என்று நான் மறுத்துவிட்டேன். வளைவின் உள்பக்கத்தில் இடுப்புயரப் பாறை ஒன்றை உருட்டி, மூன்றில் ஒரு பங்கு புதைத்து, அதன் இருபுறமும் முள்புதர் நடுவதாக முடிவு. பாறை மேலேயே பார்த்து வைத்தாயிற்று. அதை இறக்க நான்கு கடப்பாரையும் ஒரு கைவிசை இழுவைக் கருவியும் வேண்டும், கீழே யாரும் நடமாடாதபடி பாதையை இரண்டு பக்கமும் மறிக்க ஆளும் வேண்டும்.